படத்தில் இல்லாத குழாய்

புள்ளலூர் என்ற பெயரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பல்லவர் காலத்திலேயே போர்க்களமாக விளங்கிய ஊர் அது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைச் சுற்றி வளைத்து முறியடித்ததும் அங்கேதான். இரும்புக் குழாயில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அந்த வெளியில் சீறிப் பாய்ந்தன. ஆனால் காஞ்சிபுரம் மாவட்டத்து அந்தக் கிராமத்துக்கு நாம் இப்போது போவது போரைப் பற்றிப் பேச அல்ல. வயல் நடுவே உள்ள ஒரு பம்ப் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க.

கொட்டகைச் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பெரும்பாலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மூன்று ஃபேஸ் கம்பிகள் எங்கே நுழைகின்றன, பச்சைப் பொத்தான் எங்கே, சிவப்புப் பொத்தான் எங்கே, மோட்டாருக்குப் போகும் கம்பிகள் எவை என்று கோடுகளால் காட்டும் படம் அது. அந்தப் படத்தைப் புரிந்துகொண்டால் ஒரு முக்கியமான செய்தி தெரியும். மின்சாரம் நின்றுவிட்டால் பெட்டிக்குள் உள்ள காந்தச் சுருள் தன் பிடியை விட்டுவிடும். மறுபடி மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இது வேலை செய்பவர்களின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு.

இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள். சின்னதாக இன்னொரு பெட்டி தொங்குகிறதா? அதுதான் 'ஆட்டோ'. நள்ளிரவில் மின்சாரம் வந்தால் விவசாயி எழுந்து ஓடி வர வேண்டாம். அது தானே மோட்டாரைக் கிளப்பிவிடும். நல்ல வசதிதான். ஆனால் மூடியில் ஒட்டிய படத்தில் அது இல்லை. அதைப் பொருத்தியவர் இரண்டு கம்பிகளை இழுத்து இணைத்துவிட்டுப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து வெளியூரிலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் இல்லாத நேரம். மூடியைத் திறந்து படத்தைப் பார்க்கிறார். "பொத்தானை அழுத்தாமல் ஓடாது" என்ற தைரியத்தில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்காமலேயே பெல்ட்டில் கை வைக்கிறார். அந்த நிமிடம் மின்சாரம் வந்தால்?

படம் பொய் சொல்லவில்லை. அது வரையப்பட்ட அன்றைக்கு உண்மையாகத்தான் இருந்தது. இடையில் பெட்டி மாறிவிட்டது, படம் மாறவில்லை.

இந்த ஒரு கொட்டகையை ஆயிரம் மடங்கு பெருக்குங்கள். ஒரு பம்புக்குப் பதில் நூற்றுக்கணக்கான பம்புகள். ஒரு குழாய்க்குப் பதில் பல நூறு கிலோமீட்டர் நீளக் குழாய்கள். தண்ணீருக்குப் பதில் பெட்ரோல், அம்மோனியா, குளோரின், கொதிக்கும் அமிலம். அதுதான் ஒரு பெரிய இரசாயன ஆலை அல்லது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. புள்ளலூர் போன்ற ஊர்களிலிருந்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலி என்று தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். உங்களில் சிலரும் நாளை போவீர்கள். அங்கே முதல் வாரத்திலேயே உங்கள் கையில் ஒரு பெரிய தாளைக் கொடுத்து, "போய் இந்த லைனைப் பார்த்துவிட்டு வா" என்பார்கள். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்குக் குழாய்–கருவிப் படம் என்று பெயர் சொல்லலாம். ஆலைக்காரர்கள் 'பி அண்ட் ஐ.டி.' என்பார்கள். கட்டடத்தின் வரைபடம் போல அளவு பார்த்து வரையப்பட்டதல்ல இது. ரயில் வண்டிகளில் ஒட்டியிருக்கும் நிலையங்களின் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் அதில் சரியாக இருக்காது. எந்த நிலையத்துக்கு அடுத்தது எது என்பது மட்டும் சரியாக இருக்கும். அதே மாதிரிதான் இதுவும். தாளில் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் வால்வு, ஆலையில் இருநூறு மீட்டர் தள்ளி, மூன்றாவது மாடி உயரத்தில் இருக்கலாம். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதைச் சொல்வதே இந்தப் படத்தின் வேலை.

படிப்பது கடினமல்ல. நுனியோடு நுனி தொடும் இரண்டு முக்கோணங்கள் என்றால் வால்வு. வட்டம் என்றால் அளவுக் கருவி. வட்டத்துக்குள் ஆங்கில எழுத்துகள் இருக்கும்: 'பி' என்றால் அழுத்தம், 'டி' என்றால் வெப்பநிலை, 'எல்' என்றால் திரவ மட்டம், 'எஃப்' என்றால் பாய்வு. வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடினால் அந்தக் கருவி கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது என்று பொருள். கோடு இல்லையென்றால் ஆலைக்குள், குழாயின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு; அதை 'டேக்' என்பார்கள். இரண்டு கருவிக்கு ஒரே டேக் இருக்கக் கூடாது. உங்கள் வகுப்பில் ஒரே வரிசை எண் இரண்டு பேருக்கு இருந்தால் என்ன குழப்பம் வரும்? அதேதான்.

இந்தப் படங்களை எப்படி வரைந்தார்கள் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொன்னால் வியப்பாக இருக்கும். மேசை அளவு பலகையில் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, டி-ஸ்கொயர் வைத்து, இந்திய மையால் கோடு இழுத்தார்கள். தப்பாகிவிட்டால் சவர பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுப்பார்கள். அதிலிருந்து பிரதி எடுக்க முதலில் வந்தது நீலப்படம். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் கண்டுபிடித்த இரும்பு உப்பு முறை அது. நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் விழும். பிறகு அம்மோனியா பிரிண்ட் வந்தது. அந்த அறைக்குள் போனாலே மூக்கைத் துளைக்கும். பெரிய ஆலை ஒன்றுக்கு இப்படிப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் சேரும். இரும்பு அலமாரிகளில் சுருட்டி வைத்திருப்பார்கள்.

ஆலை கட்டி முடிந்த அன்றைக்குப் படமும் ஆலையும் ஒன்றாக இருக்கும். கட்டும்போது செய்த மாற்றங்களைச் சிவப்புப் பென்சிலால் குறித்து, திருத்தி, 'ஆஸ்-பில்ட்' என்று முத்திரை குத்தி வைப்பார்கள். கட்டியபடி உள்ள படம் என்று அர்த்தம். ஆனால் ஒரு ஆலை என்றைக்குமே கட்டி முடிக்கப்படுவதில்லை. மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையாகத் தொடங்கியது. இன்று அதன் திறன் 105 லட்சம் டன். அப்படியென்றால் எத்தனை குழாய்கள் சேர்ந்திருக்க வேண்டும், எத்தனை பம்புகள் மாறியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அரை நூற்றாண்டு வாழும் எந்த ஆலையிலும் இதே கதைதான். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் ஒருவர் அலமாரிக்குப் போய்ச் சரியான தாளை எடுத்துத் திருத்த வேண்டும். ஒரே ஒரு முறை மறந்தால் போதும்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில் நடந்தது. நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை. அங்கே சைக்ளோஹெக்சேன் என்ற எளிதில் தீப்பற்றும் திரவம், படிக்கட்டு போல வரிசையாக ஒன்றைவிட ஒன்று தாழ்வாக வைத்த ஆறு பெரிய கலன்கள் வழியே ஓடும். 1974 மார்ச் மாதம் ஐந்தாவது கலனில் விரிசல் கண்டது. அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். கலன்களின் வாய் 28 அங்குலம். கையில் கிடைத்த குழாயோ 20 அங்குலம். இரண்டு கலன்களும் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாயை இரண்டு இடத்தில் மடக்க வேண்டியிருந்தது. இரு முனைகளிலும் துருத்தி போன்ற நெகிழும் இணைப்புகள். அழுத்தம் ஏறும்போது அந்த மடங்கிய குழாய் எப்படி முறுக்கிக்கொள்ளும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

அந்தக் குழாய்க்கு வரைபடம் இருந்ததா? இருந்தது. பட்டறையின் தரையில், சாக்பீஸால்.

ஜூன் 1, சனிக்கிழமை மாலை, குழாய் பிய்ந்தது. வெளியேறிய ஆவி மேகம் தீப்பற்றி வெடித்து 28 பேர் மாண்டார்கள். வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள். தரையில் சாக்பீஸால் போட்ட படத்தைப் பற்றி நாம் சிரிக்க வேண்டாம். அவசரத்தில் நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். படத்தைத் தாளில் போட்டிருந்தால் அது ஒரு எஞ்சினீயரின் மேசைக்குப் போயிருக்கும், அவர் "அழுத்தம் என்ன, தாங்குமானம் என்ன?" என்று கேட்டிருப்பார். சாக்பீஸ் படம் யாருடைய மேசைக்கும் போகாது.

இரண்டாவது சம்பவத்தில் குழாய் மாறவில்லை. ஒரு எண் பழையதாகிவிட்டது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ள ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் இதில் கதாநாயகன்.

அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. 2005 மார்ச் 23. சுமார் 52 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். அதன் அடியில் சில அடி உயரத்துக்கு மட்டுமே திரவம் நிற்க வேண்டும். அந்த மட்டத்தை அளக்க ஒரு கருவி. ஒரு தண்டு திரவத்தில் தொங்கும். திரவம் ஏற ஏறத் தண்டின் மேல் மிதப்பு விசை கூடும். அந்த விசையை அளந்து மட்டத்தைச் சொல்லும். எளிமையான கருவி. ஆனால் அதற்கு ஒரு எண்ணை முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும்: திரவத்தின் அடர்த்தி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்டின் பருமன் 1000 கன செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம் என்று கருவிக்குச் சொல்லிவிட்டோம். தண்டு முழுவதும் மூழ்கினால் மிதப்பு விசை 800 கிராம் எடை. கருவி '100 சதவீதம்' என்று காட்டும். பாதி மூழ்கினால் 400, '50 சதவீதம்'. சரி. இப்போது உண்மையில் உள்ளே இருப்பது 0.64 அடர்த்தியுள்ள இலேசான திரவம் என்றால்? தண்டு முழுவதும் மூழ்கினாலும் விசை 640தான். கருவி '80 சதவீதம்' என்றே காட்டும். அதற்கு மேல் எத்தனை மீட்டர் திரவம் ஏறினாலும் விசை கூடாது. தண்டுதான் ஏற்கெனவே மூழ்கிவிட்டதே! இனிமேல்தான் வேடிக்கை. திரவத்தைச் சூடாக்குகிறோம். அது விரிகிறது, அடர்த்தி 0.60 ஆகக் குறைகிறது. கருவி '75 சதவீதம்' என்கிறது. கோபுரத்தில் திரவம் ஏறிக்கொண்டே இருக்கிறது. கருவியோ இறங்குகிறது என்று சொல்கிறது.

டெக்சஸ் சிட்டியில் நடந்தது இதேதான். அந்தக் கருவியின் விவரத் தாளில் இருந்தது 1975ஆம் ஆண்டு நிலைமைக்கு ஏற்ற அடர்த்தி. பின்னர் அந்தக் கோபுரத்தில் ஓடிய திரவம் வேறு. தாளை யாரும் திருத்தவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மட்டம் மெல்ல மெல்லக் குறைந்து 78 சதவீதம் என்று காட்டியது. அதாவது சுமார் இரண்டரை மீட்டர். அந்த நேரத்தில் கோபுரத்தில் உண்மையில் நின்ற திரவம் 48 மீட்டர்! சிறிது நேரத்தில் அது உச்சி வழியே வழிந்து, புகைபோக்கி போன்ற குழாயிலிருந்து ஊற்றாகக் கொட்டி, தீப்பற்றி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். 180 பேர் காயமடைந்தார்கள். அன்று தவறியது இந்த ஒன்று மட்டுமல்ல. அபாய மணிகளில் ஒன்று அடிக்கவில்லை. ஆட்கள் இருந்த தற்காலிக அறைகளை ஆபத்தான இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஆனாலும் அந்த அடர்த்தி எண் என் மனத்தை விட்டு அகலுவதில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு தாளில் சும்மா படுத்திருந்த ஒரு எண்!

நம் நாட்டிலும் மறக்க முடியாத இரவு ஒன்று உண்டு. 1984 டிசம்பர் 2–3, போபால். நச்சு வாயுவைத் தடுக்க அந்த ஆலையின் படத்தில் பல காவல்கள் இருந்தன. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம். வாயுவைக் காரக் கரைசலில் கழுவும் கோபுரம். எஞ்சியதை எரிக்கும் தீக்கோபுரம். தளத்தில்? குளிர்விப்பான் ஜூன் மாதமே நிறுத்தப்பட்டிருந்தது. கழுவும் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லாமல் காத்திருப்பில் கிடந்தது. தீக்கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன ஒரு துண்டு கழற்றப்பட்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் எந்த வழியாக நுழைந்தது என்பதில் இன்றும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சி, இரண்டு குழாய்களுக்கு இடையே 1984இல் புதிதாகப் போட்ட ஒரு இணைப்புக் குழாயைக் காட்டுகிறது. கம்பெனியின் கட்சி, யாரோ வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர்க் குழாயைச் செருகினார்கள் என்கிறது. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த அந்தப் பேரழிவைப் படங்களின் கதையாக மட்டும் சுருக்கிவிட முடியாது. ஆனால் படத்தில் நின்ற காவலர்கள் தளத்தில் நிற்கவில்லை என்பது உண்மை.

ஆகவே இன்று உலகெங்கும் பழைய ஆலைகள் தங்கள் படங்களைப் புதுப்பிக்கின்றன. அலமாரிகளில் மட்கும் அம்மோனியா பிரிண்டுகளைக் கணினிக்குள் கொண்டுவருகின்றன. இது கேட்பதற்கு எளிது. தாளை ஸ்கேனரில் விட்டால் படம் வந்துவிடும் அல்லவா?

வரும். ஆனால் கணினிக்கு அது வெறும் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள்தான். அதில் எது குழாய், எது வால்வு, எது தாளின் மடிப்பில் விழுந்த கறை என்று அதற்குத் தெரியாது. அடுத்த படி, குறியீடுகளைக் கணினிக்குக் கற்பித்து, அதையே அடையாளம் காணச் செய்வது. இரண்டு முக்கோணங்களைக் கண்டால் 'வால்வு' என்று எழுதிக்கொள்ளும். இப்போதெல்லாம் இதை நன்றாகவே செய்கிறது. ஆனாலும் மங்கிப்போன கையெழுத்தில் ஆங்கில 'பி'யும் எட்டும் ஒன்று போலத் தோன்றும். 'ஓ'வும் சைபரும் அப்படியே. 'பி-108' என்ற பம்பு '8-108' ஆகிவிட்டால், அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

சரியாகச் செய்துவிட்டால் கிடைப்பது சாதாரணப் படம் அல்ல. கோடு வெறும் கோடாக இருக்காது. அதன் பின்னால் ஒரு முழுக் குறிப்பேடு இருக்கும். இந்தக் குழாயின் குறுக்களவு என்ன, எந்த உலோகம், உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு அழுத்தம், கடைசியாக எப்போது சோதித்தார்கள். "இந்தப் பம்பைக் கழற்ற வேண்டும், எந்த எந்த வால்வுகளை மூட வேண்டும்?" என்று கணினியையே கேட்கலாம். வால்வுப் பட்டியலில் உள்ள டேக்குகளையும், படத்தில் உள்ள டேக்குகளையும், கட்டுப்பாட்டு அறைக் கணினியில் உள்ள டேக்குகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லலாம். கணங்கள் என்று கணக்கில் படிக்கிறீர்களே, வெட்டுக் கணம், வித்தியாசக் கணம், அவை இங்கேதான் சம்பாதிக்கின்றன. படத்தில் இருந்து பட்டியலில் இல்லாதவை எவை? பட்டியலில் இருந்து படத்தில் இல்லாதவை எவை? அந்த இரண்டு விடைகளும்தான் எஞ்சினீயரின் அன்றைய வேலை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை தாளைத் தாளோடுதான் ஒப்பிட்டோம். மூன்று தாள்களும் சேர்ந்து ஒரே தப்பைச் சொன்னால்? நம் ஊரில் நிலத்துக்குப் புலப்படம் உண்டு. சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து வரைந்த படம். தமிழ்நாட்டில் அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், வீட்டிலிருந்தே பார்க்கலாம். மிகவும் உபயோகமான வேலை. ஆனால் வயலில் வரப்பு நகர்ந்துவிட்டிருந்தால் கணினிக்கு அது எப்படித் தெரியும்? யாராவது போய்த்தான் அளக்க வேண்டும். ஆலையிலும் அதேதான். பழைய தப்பைச் சுத்தமாக, அழகாக, பெரிதாக்கிப் பார்க்கும்படி கணினியில் போட்டுவைப்பது புதுப்பிப்பது ஆகாது. என்னைக் கேட்டால், அது பழைய தாளைவிட ஆபத்து. கறைபடிந்த தாளைப் பார்த்தால் சந்தேகமாவது வரும்.

தளத்தை அளக்க இன்று ஒரு அற்புதமான கருவி உண்டு: லேசர் ஸ்கேனர். முக்காலியின் மேல் நின்று சுழலும் இந்தக் கருவி, எல்லாத் திசையிலும் லேசர் ஒளியை அனுப்பி, பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடிக்கும். 15 மீட்டர் தொலைவில் உள்ள குழாயில் பட்டுத் திரும்ப ஒளி கடக்கும் தூரம் 30 மீட்டர். ஒளியின் வேகம் விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். ஆகவே ஆகும் நேரம் ஒரு விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு! ஒரு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால், ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஏழு பங்கைப் பிரித்து அறிய வேண்டும். அவ்வளவு நுட்பமாக நேரத்தை நேராக அளப்பது கடினம் என்பதால், பல கருவிகள் போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள கட்ட வேறுபாட்டைப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கின்றன. விநாடிக்குப் பல லட்சம் புள்ளிகள். ஆலையின் ஒவ்வொரு மூலையிலும் கருவியை நிறுத்தி, கிடைத்தவற்றையெல்லாம் ஒன்றாகத் தைத்தால் கணினித் திரையில் ஆலையே புள்ளிகளாலான மேகம் போல நிற்கும். புதிய குழாய் போடுமுன் அது எந்தத் தூணில் இடிக்கும் என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கருவிகளின் முன்னோடிகளில் ஒருவர் பென் கசைரா என்ற எஞ்சினீயர்; ஈராக்கின் மோசுல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஆலைகளும் பாலங்களும் இன்று எப்படி இருக்கின்றன என்று அளப்பதற்காகவே 1990களில் தம் கம்பெனியில் இதை உருவாக்கினார். 2001இல் ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்டபின், அழியக்கூடிய கலைச் சின்னங்களை அளந்து பதிவு செய்யும் பணியில் இறங்கினார். குழாய்களை அளக்கப் பிறந்த கருவி, 2011இல் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணற்றின் சிற்பங்களையும் அளந்தது!

அப்படியானால் லேசரை ஓடவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. லேசர் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். உள்ளே ஓடுவது ஆவியா அமிலமா என்று அதற்குத் தெரியாது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியாது. வெப்பக் காப்புப் போர்வைக்குள் 4 அங்குலக் குழாய் இருக்கிறதா 6 அங்குலமா என்பதும் தெரியாது. அதற்கு மனிதர்தான் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குழாயின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடக்க வேண்டும். ஏணி ஏற வேண்டும், குனிய வேண்டும், சரியாக இருக்கும் கோட்டின் மேல் மஞ்சள் பூச வேண்டும், வேறாக இருப்பதைச் சிவப்பால் குறிக்க வேண்டும். இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பையன் படத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறான். கூட வருபவர் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே உள்ள ஆபரேட்டர்.

"அண்ணே, இந்தக் கிளைக் குழாய் படத்துல இல்லையே?"

"அதுவா தம்பி... ஒரு தடவை தண்ணிப் பஞ்சம் வந்தப்போ அவசரத்துக்குப் போட்டது. இப்போ ஓடுறது இல்லை."

"முனை அடைச்சிருக்கா?"

"அடைச்சிருப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் மேல ஏறிப் பார்த்துடுவோம், வா."

அந்தப் பெரியவர் ஓய்வுபெற்றுப் போனால் அந்தக் கிளைக் குழாயின் கதையும் அவரோடு போய்விடும். எந்த லேசருக்கும் எட்டாத தகவல் அது. படம் புதுப்பிக்கும் வேலையில் கணினிக்கு ஆகும் செலவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்த நடைக்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

புதுப்பித்த படத்தை மறுபடி கெடாமல் வைத்துக்கொள்வது வேறு வேலை. இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஆலையில் எதை மாற்றுவதானாலும் முதலில் படத்தில் மாற்றி, தகுந்தவர்கள் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். முடிந்தபின் 'ரிவிஷன்' எண்ணை ஒன்று கூட்ட வேண்டும். அமெரிக்காவில் 1992இல் இதைச் சட்ட விதியாகவே ஆக்கினார்கள். போபாலுக்குப் பிறகு நம் நாட்டிலும் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. 1989இல் அபாயகரமான இரசாயனங்களுக்கான விதிகள் வந்தன.

இதையெல்லாம் நீங்களே செய்து பார்க்க ஆலைக்குப் போக வேண்டியதில்லை. பள்ளியின் தண்ணீர்த் தொட்டி போதும். (மின்சாரப் பெட்டிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது வேண்டாம்.) தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நான்கு பேர் சேருங்கள். முதலில் குழாய்களைப் பார்க்காமல், நினைவிலிருந்து மட்டும் ஒரு படம் போடுங்கள்: தொட்டி, இறங்கும் குழாய், கிளைகள், வால்வுகள், திருகு குழாய்கள். ஒவ்வொரு வால்வுக்கும் வா-1, வா-2 என்றும், ஒவ்வொரு திருகு குழாய்க்கும் தி-1, தி-2 என்றும் டேக் கொடுங்கள். பிறகு படத்தோடு நடந்து, சரியானதற்கு மஞ்சள், வேறானதற்குச் சிவப்பு பூசுங்கள். திருத்திய படத்தைப் புதிதாக வரைந்து, மூலையில் 'ரிவிஷன் 1' என்று எழுதித் தேதி போடுங்கள்.

இப்போது சோதனை. வா-2ஐ மூடினால் எந்த எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கும் என்று படத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒருவர் வால்வை மூடட்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு குழாயைத் திறந்து கொஞ்ச நேரம் காத்திருங்கள். குழாயில் தேங்கியது வடிந்த பிறகும், நிற்க வேண்டிய ஏதோ ஒரு குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், வால்வைத் திறந்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள். உங்கள் படத்தில் இல்லாத குழாய் ஒன்று எங்கோ சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.